இடது பக்க விளக்கு

“டார்ச்சை இன்னும் கீழ பிடிக்கா. என் கை மேல இல்ல, கைக்குப் பின்னாடி.”

ஜூடித் செல்பேசியைத் தாழ்த்திப் பிடித்தாள். டேவிஸ் ஒரு முக்காலியில் உட்கார்ந்து காரின் முகப்புக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். காலையிலேயே பம்பரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாகிவிட்டது. அது இல்லாத கார், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டவரின் வாய் மாதிரி இருந்தது.

“மணி பன்னெண்டே முக்கால்டா. ரெண்டு மணிக்கு டயாலிசிஸ். ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு. இந்த ஒரு கிளிப் உட்கார்ந்துட்டா முடிஞ்சுது.”

மைசூரில் தசரா விடுமுறையின் கடைசி வாரம். ஜூடித் கணக்கு டீச்சராக இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி இன்னும் திறக்கவில்லை. வெளியே தெருவில் மாநகராட்சி ஆட்கள் ஏணி போட்டுக் கம்பங்களிலிருந்து சீரியல் பல்புகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்ததால் உள்ளே மதியத்திலும் மங்கல்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா கட்டிய வீடு இது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இதில் இருப்பது இவர்கள் இரண்டு பேர் மட்டும். அவளுக்கு நாற்பத்தேழு, தம்பிக்கு முப்பத்தொன்பது. பன்னிரண்டு வயதில் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. முதல் ஊசியைப் போட்டவள் அவள்தான். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் நூறு தடவை குத்திப் பழகிவிட்டு, பிறகு அவன் தொடையில் குத்தினாள். சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைத் தின்றது. பிறகு கண்ணுக்கு வந்தது.

கார் அவனுக்கு வந்த கதை வேறு. குடகில் ஒரு காபித் தோட்டத்துக்காரர் வீட்டுக் கொட்டகையில் எட்டு வருஷம் கிடந்த சிவப்பு ஜப்பான் கார் அது. இரண்டே கதவு. தரையோடு ஒட்டினாற்போல இருக்கும். ஒயரிங் முழுவதையும் எலி கத்தரித்துவிட்டது. பார்த்த மெக்கானிக் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். டேவிஸ் அப்போது பன்னிமண்டபத்தில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தான். நாலு மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகப் புதிதாக இழுத்தான். வேலை முடியும் நேரத்தில் தோட்டக்காரர் மகளோடு இருக்க வெளிநாட்டுக்குப் போனார். போகும்போது, உன் கைபட்டு உயிர் வந்த வண்டி, நீயே வைத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு டேவிஸ் கடையை மூடிவிட்டான். காரை மட்டும் விடவில்லை.

ஆகஸ்டில் கண் டாக்டர் ஜூடித்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். டேவிஸ் வெளியே கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தான். “இனிமே திரும்பாது மேடம். இருக்கறதும் கொஞ்ச நாள்தான். வண்டி கிண்டி ஓட்ட விட்டுடாதீங்க” என்றார் டாக்டர். அவள் வெளியே வந்து அவன் தோளைத் தொட்டு, “டிராப்ஸ் மாத்தியிருக்காங்க. மெதுவா சரியாகுமாம்” என்றாள். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் காரை எடுத்தபோதும் அவளால் தடுக்க முடியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நெடுஞ்சாலையில் கார் கொஞ்சம் கொஞ்சமாக நடுத்தடுப்பின் பக்கம் போயிற்று. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. டேவிஸ் ஓரமாக நிறுத்தினான். 

“லைட் ரொம்ப மங்கிடுச்சுக்கா” என்றான் பிறகு. “இருபது வருஷத்துப் பழசு.”

சாலையின் வெள்ளைக் கோடு, ஓரத்துப் புல், புல்லில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை எல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன.

“ஆமாடா. எனக்கும் ரோடு சரியாத் தெரியல” என்றாள்.

தலை சுற்றுகிறது என்று சொல்லி அவன் கணேஷ்குமாருக்கு ஃபோன் போட்டான். கடை இருந்த நாளிலிருந்து பழக்கமான டாக்ஸி டிரைவர். அவன் பஸ் ஏறி வந்து காரை ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டான். அடுத்த மாசம் கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. காரின் முன்விளக்குக்கான ஸெனான் கிட்.

அதைத்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பல்பு, சோப்புப்பெட்டி அளவில் இரண்டு அலுமினியப் பெட்டி, ஒரு ரிலே, ஒரு கத்தை ஒயர். கூட வந்த தாளை ஜூடித் படித்துக் காட்டினாள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்று அதில் இருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டு, தனக்கு ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சைப் பிரித்து இரண்டு பல்பையும் துடைத்தான். காலை முழுக்க விரல்கள்தான் வேலை செய்தன. எந்த ஒயர் தடிமன், எது மெலிசு, எந்தக் கிளிப் எந்தப் பக்கம் திறக்கும் என்று அவை தாமாகவே தேடிக் கண்டுபிடித்தன. முகம் மட்டும் வேறெங்கோ திரும்பியிருந்தது.

“பழைய பல்புல ஒரு கம்பி இருக்கும், அது சூடாகி எரியும்” என்றான். “இதுல கம்பியே கிடையாது. ரெண்டு முனை, நடுவுல வாயு. அவ்வளவுதான். இந்தப் பெட்டி இருக்கே, பலாஸ்ட், அது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஒரு அடி அடிச்சு எழுப்பிவிடும். எழுந்துட்டா அப்புறம் கொஞ்சம் கரண்ட் போதும். தானா நிக்கும்.”

“எதுக்கால வர்றவங்களுக்குக் கண்ணு கூசாதா?”

“கூசும். அதனாலதான் இறக்கி வைக்கணும். அளந்து சொல்லு நீ.”

அவள் லைட்டின் உயரத்தை அளந்தாள். எதிர்ச் சுவரில் அதற்கு இரண்டு அங்குலம் கீழே கறுப்பு டேப்பை ஒட்டினாள். டேவிஸ் எழுந்து பானெட்டைப் பிடித்துக்கொண்டே கதவுப் பக்கம் போய், குனிந்து சுவிட்சைத் தட்டினான்.

முதலில் நீலமாக ஒரு வெட்டு. பிறகு அது மெல்ல வெளுத்து, சுவர் முழுக்கப் பால்போலப் பரவியது. சுண்ணாம்பு அடித்த பிரஷ்ஷின் கோடுகள் வரை தெரிந்தன. ஆணியில் தொங்கிய பழைய காலண்டரில் தேதிகளைப் படிக்கலாம்போல இருந்தது. டேவிஸ் சுவரைப் பார்த்தான். பார்வை சுவரின் மேல் விழவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கதவின் இடுக்கில் நின்றது.

“எப்படி இருக்கு?”

“பகல் மாதிரி இருக்குடா.”

“இடது பக்கம் துடிக்குதாக்கா?”

அவள் பார்த்தாள். இடது விளக்கு ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவன் கண்ணுக்குள் ஏதோ துடிக்கிறது, பாவம், அதை விளக்கென்று நினைக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் பழக்கத்தில் பொய் வாயில் தானாக வந்தது.

“ஆமா. லேசா.”

அவன் சுவிட்சை அணைத்தான்.

“அப்ப எர்த் சரியா உட்காரல. திருப்பிப் பிரிக்கணும்.”

“ஆஸ்பத்திரி?”

“ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்.” செல்பேசியை எடுத்து ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்து, காதில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் பேசினான். “ஹலோ, நானு டேவிஸ்... ஹவுது... சரி, ஆறு கண்ட்டெகெ பர்த்தினி.” செல்பேசியைப் பையில் போட்டான். “ஆறு மணி ஷிஃப்ட்ல இடம் இருக்காம். வரச் சொல்லிட்டாங்க.”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை டயாலிசிஸ் ஆகியிருக்கிறது. இன்று செவ்வாய். நாலு மணி நேரம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை அவள் ஊரில் இல்லை. கூட வேலை பார்ப்பவரின் வீட்டு கிரகப்பிரவேசத்துக்காகக் கொள்ளேகால் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது, டயாலிசிஸ் முடிந்த நாளில் எப்போதும் படுப்பதுபோல, இடது கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

எர்த் போல்ட்டை மறுபடி கழற்றி, அந்த இடத்துப் பெயிண்ட்டை உப்புக் காகிதத்தால் தேய்த்து, திரும்ப முடுக்க மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். கால்கள் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் புதைந்திருந்தது. போதும்டா, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். முடிஞ்சுது, முடிஞ்சுது என்றான். மறுபடியும் சுவிட்சைத் தட்டினான்.

“இப்ப?”

“இப்ப சரியாயிடுச்சு.”

“நிக்குதா?”

“நிக்குதுடா.”

“சரி” என்றான். தேய்த்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “கொஞ்ச நேரம் உள்ள உட்கார்றேன்க்கா. காபி குடு.”

தாழ்ந்த கார். தலையில் இடிக்காமல் அவனைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அவனுக்குக் கணக்கு. அதில் இன்று மிச்சமிருந்ததை அளந்து, அரை டம்ளர் காபி போட்டாள். பால் காய்ந்து இறங்கும் நேரம்தான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டேவிஸ் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல இருந்தான். கைகள் மடியில். “டேவி, காபி” என்றாள். டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுக் குனிந்து அவன் இடது மணிக்கட்டைத் தொட்டாள்.

டயாலிசிஸுக்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். விரல் வைத்தால், மிக்ஸி ஓடும் மேடையில் கை வைத்ததுபோல உள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் எழுந்ததும் அவள் முதலில் செய்வது, தூங்கும் தம்பியின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பதுதான்.

இப்போது அங்கே ஒன்றும் ஓடவில்லை. விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள். வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் இடது கைக்கு வந்தாள். கை சூடாகத்தான் இருந்தது. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அந்தச் சின்னக் காருக்குள் முழங்காலை ஊன்றக்கூட இடமில்லை. அழுத்தினாள், பெயரைச் சொன்னாள், மறுபடியும் அழுத்தினாள்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தபோது ஜூடித் காருக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஹகலொத்து லைட் யாகெ உரீத்தா இதெ மிஸ்?” பகல் நேரத்தில் விளக்கு எதற்கு எரிகிறது என்று கேட்டாள்.

“ஆஃப் மாடக்கெ நங்கெ பரல்ல” என்றாள் ஜூடித். அணைக்கத் தனக்குத் தெரியாது என்று.

நஞ்சம்மா உள்ளே வந்தாள். காருக்குள் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்துவிட்டு, பொட்டாசியம் ஏறி இதயம் நின்றிருக்கும் என்றார். கடைசி டயாலிசிஸ் எப்போது என்று கேட்டார். “சனிக்கிழமை” என்றாள் ஜூடித். அவர் புருவத்தைச் சுருக்கி ஏதோ எழுதினார்.

மறுநாள் காலையில் உடலை ஷெட்டில் வைக்க வேண்டியிருந்தது. ஷெட்டிலிருந்த காரைத் தள்ளினால்தான் ஆட்கள் நிற்க இடம் கிடைக்கும். யாரிடமும் சாவி கேட்காமல் கணேஷ்குமார் கதவைத் திறந்து உட்கார்ந்து கியரைத் தளர்த்தினான். கோயில் பங்கிலிருந்து வந்த நாலைந்து பேர் தள்ளினார்கள். பம்பர் இல்லாமலேயே கார் தெருவுக்கு வந்து, நஞ்சம்மா வீட்டு மதிலோரம் நின்றது. அது நின்றிருந்த இடத்தில் சவப்பெட்டியை வைத்து இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். டேவிஸுக்கு அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தார்கள். நகக்கண்ணில் இருந்த கறுப்பை ஜூடித் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். முழுவதும் போகவில்லை.

பதினொரு மணிக்குத் தமிழ்ப் பூசை. பன்னிரண்டரைக்குக் கல்லறையில் எல்லாம் முடிந்தது. அவள் அழவில்லை என்று இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நஞ்சம்மா வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. மூன்று மணிக்குள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். பள்ளி ஹெட்மிஸ்டிரஸ், எத்தனை நாள் லீவு வேண்டுமானாலும் எடுத்துக்கோ என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஜூடித் யோசித்தாள்.

வாசலில் அவளும் கணேஷ்குமாரும் மட்டும் இருந்தார்கள். அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கொள்ளேகால்காரன். இத்தனை வருஷம் மைசூரில் இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளு.”

“சனிக்கிழமை ஆஸ்பத்திரில ஏதாச்சும் சொன்னாங்களா? அப்பவே உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சுங்களா?”

“எனக்கு என்ன தெரியும்? நீதானே கூட்டிட்டுப் போனே.”

கணேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான்.

“இல்லீங்க. அக்கா கூட்டிட்டுப் போகுது, நீ வராதேன்னு ஃபோன் பண்ணாருங்க.”

“நான் கொள்ளேகால்ல இருந்தேன் கணேஷ். கணேஷ் வர்றான், நீ நிம்மதியாப் போயிட்டு வான்னு அனுப்பி வச்சான்.”

 அன்று சாயங்காலம் அந்தப் பிளாஸ்திரியைப் பிரித்தவள் அவள்தான். பஞ்சு வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. இந்தத் தடவை ஊசி நன்றாகக் குத்தியிருக்கிறார்கள் என்று அவளே அவனிடம் சொன்னாள். ஆமாக்கா என்றான் அவன். நேற்று அவன் காதில் வைத்துப் பேசிய செல்பேசி வீட்டுக்குள் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தால் மதியம் யாருக்குப் பேசினான் என்று தெரிந்துவிடும். அவள் எழுந்து போகவில்லை.

“சாவி உன்கிட்ட எப்படி?” என்று கேட்டாள்.

கணேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆகஸ்ட்லயே குடுத்துட்டாருங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து வந்து உங்களை இறக்கிவிட்டேனில்லீங்களா, நீங்க உள்ள போயிட்டீங்க. அவரு ஷெட்டுக்குள்ளயே நின்னாரு. ‘லைட் நல்லாத்தான் இருக்கு கணேசா. எனக்குத்தான் கண்ணு போயிருச்சு’ன்னாரு. இனி நீயே வச்சு ஓட்டு, நல்ல லைட்டா ஒண்ணு மாட்டிக் குடுத்துடறேன்னாரு.”

“என்கிட்ட சொல்லலையே.”

“நான் கேட்டேனுங்க, அக்காகிட்ட சொல்லலீங்களான்னு. அவரு என்ன சொன்னாருன்னா, அக்கா ‘ஆமா, ரோடு தெரியல’ன்னு சொல்லுது. அக்காவுக்கு அப்படி ஒரு ஆசை, இருந்துட்டுப் போகட்டும்னாரு.”

தெருமுனையில் மாநகராட்சி லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. ஜூடித் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைப்பொழுது முழுவதும் அவள் டார்ச்சைப் பிடித்திருந்தாள். மேலே, கீழே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அவன் சொன்னபடியெல்லாம் பிடித்திருந்தாள். அது யாருக்கு வெளிச்சம் காட்டியது?

“காலையில லைட் போட்டுப் பார்த்தியா?” என்றாள்.

“பார்த்தேனுங்க.”

“இடது பக்கம்?”

“ரெண்டும் ஒண்ணாட்டத்தான் நிக்குது. கொஞ்சம்கூட ஆட்டம் இல்ல.” அவனுக்கு அவள் ஏன் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. “அருமையான வேலைங்க.”

“தெரியும்” என்றாள்.

அவன் மதிலோரம் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். காரை இன்று எடுத்துப் போகட்டுமா என்று கேட்க வந்தானோ என்னவோ. பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டான்.

வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ நின்றிருந்தது. வாடகை நாற்காலிக்காரர் வந்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். ஷாமியானாவும் சுருட்டி ஏற்றியாயிற்று. கணேஷ்குமார் கொண்டுபோய்க் கொடுத்ததையும் வாங்கி அடுக்கின்மேல் வைத்தார். கயிற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசிக் கட்டினார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

ஜூடித் உட்கார்ந்திருந்தது கடைசி நாற்காலி.

அவர் கேட்கவில்லை. மதிலோரம் போய், எங்கோ பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கட்டிய கயிற்றை அவிழ்த்தார். மறுபடியும், முன்னைவிட மெதுவாக, கட்டத் தொடங்கினார்.